புதுப்பிப்பு: காற்றுத் துப்பாக்கிக் குண்டுகளை எடைவாரியாகப் பிரித்ததன் முடிவு

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி (ரைஃபிள்) சுடுதலில் என் குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் சிதறுவதற்கு எடை வேறுபாடு காரணமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. சிங்கப்பூரில் நான் பயிலும் மன்றத்திலேயே மில்லிகிராம் தராசில் 200 குண்டுகளை நிறுத்துப் பிரித்துச் சுட்டும் சிதறல் குறையவில்லை. குண்டின் தலை விட்டத்தை, அதாவது முன்பகுதியின் குறுக்களவை, மாற்றிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது: துப்பாக்கியை அசையாமல் பூட்டிப் பத்துப் பத்தாகச் சுட்டபோது, 4.50 மில்லிமீட்டர் குண்டுகளில் 8 மில்லிமீட்டர் அகலமாக இருந்த துளைக்கூட்டம் 4.49-இல் 6 ஆகச் சுருங்கியது. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 0.5 மில்லிமீட்டர் என்பதால் இது எனக்குப் பெரிய மாற்றம்.

எதிர்பாராதது, குளிர்சாதனக் காற்று தராசை அலைக்கழித்ததால் முதல் நாள் அளவுகள் வீணானதுதான். கண்ணாடி மூடியிட்டு மறுபடி நிறுத்தேன். விளக்கடியில் உருட்டிப் பார்த்ததில் பின்விளிம்பு நசுங்கிய ஏழு குண்டுகள் அகப்பட்டன. தனியே சுட்டபோது அவையே அதிகம் விலகின.