ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டில் ஜிடிஏ 5 கேம்: டவுனுக்குள் பரவாயில்லை, மலைப்பக்கம் போனால் திணறுகிறது. எதைக் குறைப்பது?

பாலக்கோட்டுப் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். ஜிடிஏ 5 விளையாடுகிறேன். கார்டு ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. ரேம் 8 ஜிபி ஒரே ஸ்டிக், மானிட்டர் 1080பி 60 ஹெர்ட்ஸ். எல்லாம் வெரி ஹை, புல் அல்ட்ரா, ஓரங்களை மழமழப்பாக்கும் எம்எஸ்ஏஏ 4எக்ஸ். டவுனுக்குள் நொடிக்கு 45 ஃப்ரேம் வருகிறது, மலைப்பக்கம் புல் இருக்கிற இடத்தில் வண்டியைத் திருப்பினால் 25க்கு இறங்கி விட்டுவிட்டு ஓடுகிறது. எல்லாவற்றையும் நார்மலுக்கு இறக்கிப் பார்த்தேன், வேகமாக ஓடுகிறது, ஆனால் ரோடும் சுவரும் சாயம் போன மாதிரி இருக்கிறது. வேற கார்டு வாங்க இப்போது காசு இல்லை. எதைக் குறைத்தால் போதும்?

காவேரிப்பட்டணத்தான்:
தம்பி, எல்லாவற்றையும் ஒரே அடியாக இறக்காதீர்கள். டவுனில் 45, புல்வெளியில் 25 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்போது முதல் ஆள் புல்தான். அல்ட்ராவை ஹைக்குக் கொண்டுவாருங்கள், ஓட்டும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது எம்எஸ்ஏஏ. 1080பி திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல், 4எக்ஸ் போட்டால் ஒவ்வொன்றின் ஓரத்தையும் நாலு இடத்தில் பார்க்கும் (நாலு சாம்பிள்), மெமரியும் போகும் வேகமும் போகும். அதை ஆஃப் செய்துவிட்டு அதே வேலையை லேசாகச் செய்யும் எஃப்எக்ஸ்ஏஏவை ஆன் செய்யுங்கள். மின்கம்பி, வேலிக் கம்பி எல்லாம் கொஞ்சம் மங்கும், அது உண்மைதான், ஆனால் அந்தக் கார்டுக்கு எம்எஸ்ஏஏ தாங்காது. மெனு மேலே வீடியோ மெமரி கோடு ஒன்று இருக்கும், ஆஃப் செய்ததும் அது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

டெக்ஸ்சரை, அதாவது ரோடு, சுவர் மேல் ஒட்டியிருக்கும் படங்களின் தரத்தை, தொடவே தொடாதீர்கள். சாயம் போன மாதிரி ஆனதற்குக் காரணமே அதுதான். டெக்ஸ்சருக்கு மெமரிதான் வேண்டும், 4 ஜிபிக்குள் அடங்கிவிட்டால் ஃப்ரேம் பெரிதாகக் குறையாது. சாய்வாகத் தெரியும் பரப்பைத் தெளிவாக்கும் அனிசோட்ராபிக் ஃபில்டரிங்கும் 16எக்ஸிலேயே இருக்கட்டும், ரோடு தூரம்வரை தெளிவாகத் தெரிவது அதனால்தான். ஒன்றை மாற்றினால் உடனே கேமிலேயே இருக்கிற பெஞ்ச்மார்க்கை (வேகத்தை அளக்கும் சோதனை) ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

பாலக்கோட்டுப் பையன்:
அண்ணா ரொம்ப நன்றி! டவுனில் 85க்கு மேல் போகிறது, மலையில் 60ஐ ஒட்டி நிற்கிறது, படமும் பழையபடியே இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல்: மதியம் ஒரு மணி நேரம் விளையாடினால் மறுபடியும் இறங்குகிறது. ராத்திரியில் அப்படி இல்லை. எங்கள் வீடு சிமெண்ட் ஷீட்.

ஓசூர்க்காரன்:
அது செட்டிங் இல்லை, சூடு. நான் ஓசூரில் வாங்கிய கம்ப்யூட்டரைச் சித்திரையில் கிருஷ்ணகிரிக்கு மாமா வீட்டுக்கு எடுத்துப்போனபோது இதே கதைதான் நடந்தது, இங்கே குளுகுளு என்று இருந்தது அங்கே போனதும் ஃபேன் கத்த ஆரம்பித்துவிட்டது. கார்டைக் கண்காணிக்கும் ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரைப் போட்டு வெப்பத்தையும் கிளாக்கையும் (கார்டு ஓடும் வேகம்) திரையில் ஓடவிடுங்கள். வெப்பம் 80 டிகிரியைத் தாண்டும்போது கிளாக்கும் இறங்கினால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம்.

மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தானே, 85 ஃப்ரேம் எதற்கு? என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை 60ல் வையுங்கள். மிச்சம் 25 ஃப்ரேமும் வெறும் சூடாகத்தான் போகிறது. கரண்டை ஆஃப் செய்து, சைடு மூடியைக் கழற்றி, கார்டின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளைப் பாருங்கள், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், பிடிக்காமல் காற்றடித்தால் ஃபேன் தறிகெட்டுச் சுற்றும்.

காவேரிப்பட்டணத்தான்:
ஓசூர் அண்ணன் சொல்வது சரி. கூடவே ஒன்று, காசு வந்ததும் கார்டுக்கு முன்னால் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போடுங்கள், ஒரே ஸ்டிக்கில் ஓடினால் பிராசஸருக்கு மெமரி ஒரே வழியில்தான் வரும், கூட்டமான தெருவில் வரும் சின்னச் சின்ன வெட்டு அதனாலும் இருக்கலாம். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கிற பெங்களூர் எஸ்.பி. ரோடு போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லி வாங்கலாம்.

பாலக்கோட்டுப் பையன்:
மூடியைத் திறந்தேன். தகட்டுக்கு நடுவே தூசி தலையணைப் பஞ்சு மாதிரி அடைத்திருந்தது, வீடு ரோட்டோரம். தட்டிவிட்டு ஃப்ரேமை 60ல் கட்டி வைத்தேன். இன்று மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து நாலு வரை ஓட்டினேன், வெப்பம் முன்னால் 86 காட்டியது, இன்று 74ஐத் தாண்டவில்லை, ஃப்ரேமும் அசையவில்லை. ரேம் தீபாவளிக்கு.