ஈரப் பனியில ஸ்னோ புளோவர் அடைக்குது, த்ராட்டிலைக் குறைக்கலாமோ?

கேள்வி: டொராண்டோ. 24 இஞ்ச், 208 சிசி, ரெண்டு ஸ்டேஜ் மெஷின் (முன்னுக்குச் சுருள் பனியை அள்ளும், பின்னுக்கு விசிறி எறியும்). தூள் பனியை நல்லா எறியுது. 0 பாகைக்குக் கிட்ட விழுற கனத்த பனியில குழாய் அடைச்சுப்போகுது. எஞ்சினை மெதுவா ஓடவிட்டாச் சரிவருமோ?

பதில் 1: குறைக்காதீங்கோ. பனியைக் குழாய்க்குள்ளால எறியுறது இம்பெல்லர் எண்ட அந்த விசிறி நுனியின்ர வேகம்தான். 12 இஞ்ச் இம்பெல்லர் நிமிசத்துக்கு 1000 தரம் சுத்தினா நுனி செக்கனுக்கு 16 மீட்டர் போகும். த்ராட்டிலைக் குறைச்சா அந்த வேகம் விழும், ஈரப் பனி குழாய்க்குள்ளயே ஒட்டிக்கொள்ளும். த்ராட்டில் எப்பவும் முழுசா இருக்கட்டும், கியரை மட்டும் 1க்கு இறக்குங்கோ. வாசல்ல வீதிப் பனி தள்ளுற வண்டி விட்டிட்டுப் போன கட்டிக்கு மெஷின்ர அரை அகலம் மட்டும் பிடிச்சாப் போதும். ஆனா ஈரப் பனியில தேவைக்கு மேல மெதுவா ஊர்ந்து போனாலும் அடைக்கும். இம்பெல்லருக்குத் தொடர்ந்து பனி வரவேணும்.

பதில் 2: சத்தத்தைக் கவனியுங்கோ. எஞ்சின் திணறினா பனி கூடிப்போச்சு. எஞ்சின் அதே சத்தத்தில ஓட, எறியுற தூரம் மட்டும் குறைஞ்சா பெல்ட் வழுக்குது, கேபிளை இறுக்குங்கோ.

இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் இடைவெளி 5 மில்லிமீட்டர் இருந்தா சேறு மாதிரியான பனி அதுக்குள்ளால பின்னுக்கு வழுகும். ரப்பர் பட்டை போட்டு அடைச்சா வித்தியாசம் உடன தெரியும். குழாய்க்குள்ள சிலிக்கோன் ஸ்பிரேயும் அடியுங்கோ.

பதில் 3: அடைப்பெடுக்க எஞ்சினை நிப்பாட்டி, எல்லாம் நின்றபிறகு தடியால குத்துங்கோ. கை வைக்கவே வேண்டாம், தயவுசெய்து. ஷியர் பின் (கட்டி இறுகினா தானா முறிஞ்சு கியர்பாக்ஸைக் காப்பாத்துற ஆணி) முறிஞ்சா சாதாரண போல்ட் போடாதீங்கோ, அடுத்த கட்டியில கியர்பாக்ஸ் போயிடும்.