கர்த்தருக்குள் மகிழ்ச்சி: பாடுகளின் நடுவே உங்களுக்கு நேர்ந்தது என்ன?

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சும் போய்விட்டது. அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்துபோன விசுவாசிகளில் பாதிப் பேராவது பிலிப்பியர் 4:4-ஐச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள்: "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்." நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் படுக்கைப் புண் வராமலிருக்க இரவில் பலமுறை எழுந்து ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறவளுக்கு அந்த வசனம் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழுகிறது.

ஒருநாள் எரிச்சலோடு, பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய அந்த நிருபத்தை (கடிதத்தை) முதலிலிருந்து படித்தேன். நான்கே அதிகாரம். எழுதியவர் கட்டுண்டு கிடக்கிறார். உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்ததைச் சொல்லி, "துக்கத்தின்மேல் துக்கம்" வராதபடி தேவன் தமக்கு இரங்கினார் என்கிறார் பவுல். அப்படியானால் முதல் துக்கம் ஏற்கெனவே அவரிடம் இருந்திருக்கிறது! மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு சொல்கிறேன் என்கிறார். நான்காம் அதிகாரத்திலோ, எல்லாரும் சொல்லும் அந்த வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால், எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களும் ஒருமனப்பட வேண்டும் என்று புத்தி சொல்கிறார். (சபைக்குள் மனஸ்தாபம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை போலும்.) இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் சந்தோஷமாயிருங்கள் என்கிறார். கண்ணைத் துடைத்துவிட்டு வா என்று எங்கேயும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அந்த வசனத்தோடு எனக்குச் சமாதானம் ஆயிற்று.

பிறகு நடந்ததையும் சொல்கிறேன். மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்தவர்களில் பலருக்குப் பழகிய பாட்டின் சொற்கள் மட்டும் வருவதுண்டு, பாடிப் பாருங்கள் என்றார் பேச்சுப் பயிற்சியாளர். கைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே, கணவர் சிறுவயதில் கற்ற துதிப்பாட்டு ஒன்றைப் பாடினேன். இரண்டாம் அடியில் அவரும் சேர்ந்துகொண்டார். தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராத வாயில் "ஸ்தோத்திரம்" வந்தது. நான் தலைகால் புரியாமல் அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டேன்.

இதை அற்புதம் என்று சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். மருத்துவர்கள் அறிந்த விஷயம் அது. பாட்டு நின்றால் சொல்லும் நின்றுவிடும். அதோடு, சில வாரங்களில் அவர் பாடுவதையும் விட்டுவிட்டார். எல்லாவற்றின் மேலும் கோபம். ஒரு மதியம் தட்டைத் தள்ளிவிட்டார். தரையைத் துடைத்தபடி நான் ஆண்டவரிடம் சண்டை போட்டேன், வாய்விட்டு, மரியாதையில்லாமல். போட்டுக்கொண்டிருக்கும்போதே, இப்படிச் சண்டை போட எனக்கு ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியது. அந்த எண்ணத்தோடு ஒரு சந்தோஷம் வந்தது. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. கணவர் பாடியபோது வந்த மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. காரணம் போனதும் அதுவும் போயிற்று. இது மட்டும் அழுகையோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறது.

ஆபகூக் தீர்க்கதரிசி அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என்று இல்லாமற்போகக்கூடியதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். பட்டியலில் ஒன்றைக்கூட அவர் குறைத்துச் சொல்லவில்லை.

* * *

சகோதரி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை என்பதையும் இங்கே யாராவது எழுத வேண்டும் அல்லவா? மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறவன் நான். "மகிழ்ச்சி ஆவியின் கனியாயிற்றே, உங்களிடம் காணோமே" என்று கேட்டவர்கள் உண்டு. சங்கீதம் 88-ஐப் படித்திருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்பேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். பதின்மூன்றாம் சங்கீதம் ஆறே வசனத்தில் "எதுவரைக்கும்" என்பதிலிருந்து பாட்டுக்கு வந்துவிடுகிறது. 88 திரும்புவதே இல்லை. இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டவர்தான். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்சு பிறகுதான். எனக்கு இப்போதைக்குக் கிடைத்திருப்பது அடையும் தூக்கமும். அதைக் கொடுத்தவரை விட்டுப் போக மனம் வரவில்லை. உங்கள் தலைப்புக்கு இது பொருந்துமா என்று தெரியவில்லை. கணவர் மறுபடி பாடுகிறாரா?

* * *

சுருக்கமாக என் பங்கு. வேலை போன சமயத்தில் ஆராதனைக்குப் போவதையே தவிர்த்தேன், "கிடைத்ததா?" என்ற கேள்விக்குப் பயம். சபை மூப்பர் ஒருவர் வேறு எதுவும் கேட்காமல், தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகத் துணைக்கு அழைத்தார். வண்டி ஓட்ட ஆள் இல்லையாம். போனேன். ஒரு பாட்டியம்மா எனக்காக ஜெபித்தார். என் பெயரைத் தப்பாகச் சொல்லித்தான்! வேலை போனதற்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது அன்றுதான்.

"கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன்" என்ற நெகேமியா 8:10-ஐ நாட்காட்டியில் பார்த்திருக்கிறோம். அது வசனத்தின் கடைசிப் பகுதி. முன்பகுதியில், நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுதுகொண்டிருந்த ஜனங்களிடம், போய்க் கொழுமையானதைப் புசியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறது. கொடுத்தால் பலமடங்கு திரும்பும் என்ற பிரசங்கம் எனக்கு ஒவ்வாது, அதற்காக இதைச் சொல்லவில்லை. வேலை பிறகு கிடைத்தது, முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில். சாப்பாட்டு வண்டியை இன்னும் விடவில்லை.

* * *

கணவரைப் பற்றிக் கேட்ட சகோதரருக்கு: சில நாள் பாடுகிறார், சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தலைப்புக்கு நீங்கள் எழுதியது தாராளமாகப் பொருந்தும். மாத்திரையை நிறுத்தச் சொல்லி யார் எந்த வசனத்தோடு வந்தாலும் கேட்காதீர்கள். நேற்று இரவு 88-ஐக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். 89-க்குத் தாண்டப்போனேன்; கையைப் பிடித்து நிறுத்தி, முந்தின பக்கத்தையே மறுபடி காட்டினார். இரண்டாம் முறையும் வாசித்தேன்.