மொரிஸ் மைனர்: பிரேக் அழுத்தினால் முன் சிக்னல் எரிகிறது, இடது சிக்னல் மின்னாமல் நிற்கிறது

பரந்தன் சந்தி எழுதியது:

வணக்கம் உறவுகளே,

எங்கள் வீட்டில் 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. அப்பா எழுபதுகளில் வாங்கிய கார். பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடியது, ஸ்டார்ட் பண்ண மட்டும் காபுரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விடுவார்கள், அந்த மணம் எனக்கு இப்பவும் ஞாபகம். 2008 கடைசியில் இடம்பெயர்ந்தபோது கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் போனோம். 2010இல் வந்து பார்த்தால் சக்கரமும் இல்லை, பற்றரியும் இல்லை, சீற்றுக்குள் கறையான் புற்று. அப்பா அதை விற்கச் சம்மதிக்கவே இல்லை. போன வருடம்தான் எஞ்சின் வேலை முடித்து, தகரம் அடித்து, பெயின்றும் அடித்து எடுத்தோம்.

இப்போது சிக்னல்தான் பிரச்சினை. வலது பக்கம் சரியாக மின்னுகிறது. இடது பக்கம் போட்டால் முன் லைற் எரியும், பின் லைற் மங்கலாக எரியும், ஆனால் மின்னாது, அப்படியே எரிந்துகொண்டு நிற்கும். அதைவிட விசித்திரம் என்னவென்றால், சிக்னல் போடாமல் பிரேக்கை மட்டும் அழுத்தினாலும் முன் இடது சிக்னல் லேசாக எரிகிறது! பின்னால் எரியும் பிரேக் லைற்றுக்கும் முன்னால் இருக்கும் சிக்னலுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. சிக்னல் போடும்போது பெற்றோல் மீற்றர் முள்ளும் சேர்ந்து ஆடுகிறது.

பல்ப் நான்கும் புதிது. ஒரு கடையில் மோட்டார் சைக்கிள் பிளாஷர் (சிக்னலை விட்டு விட்டு மின்னவைக்கும் சாமான்) ஒன்று தந்தார்கள், போட்டு இரண்டு நிமிடத்தில் சூடாகிச் செத்துவிட்டது. பழைய மூன்று கால் பிளாஷரையே திரும்பப் போட்டிருக்கிறேன். முழு வயரையும் கழற்றிப் புதிதாக இழுக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், எல்இடி பல்ப் போட்டால் எல்லாம் சரிவரும் என்று இன்னொருவர் சொல்கிறார். தை மாதம் தங்கச்சிக்குக் கலியாணம், பொம்பிளையை இந்தக் காரில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஏ9 வீதியில் லொறிகளுக்கு நடுவில் சிக்னல் இல்லாமல் ஓட எனக்குத் துணிவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வவுனியா வயர்காரன் எழுதியது:

தம்பி, முதலில் அந்த வயரைக் கழற்ற வேண்டாம். நீங்கள் விசித்திரம் என்று சொன்னதுதான் விடையே. பின் இடது லாம்புக்கு எர்த் இல்லை.

அந்த லாம்புக்குள் பிரேக் பல்ப், சிக்னல் பல்ப் எல்லாவற்றுக்கும் திரும்பிப் போகும் வழி ஒன்றுதான், லாம்பின் உலோக உடம்பு வழியாகக் காரின் தகரத்துக்கு. அந்த வழி துருவால் அடைபட்டால் மின்சாரம் சும்மா நிற்காது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குள் போவதுபோல, பிரேக் பல்புக்கு வந்த மின்சாரம் பக்கத்தில் இருக்கும் சிக்னல் பல்புக்குள் பின்பக்கமாக ஏறி, பச்சை-சிவப்பு வயர் வழியாக முன்னுக்கு ஓடி, முன் இடது சிக்னல் பல்புக்குள்ளால் போய் அங்கே எர்த் பிடிக்கிறது. அதனால்தான் பிரேக் அழுத்த முன் லைற் எரிகிறது. இடது பக்கம் மின்னாததும் இதனால்தான். அந்தப் பழைய பிளாஷர் சூட்டில் வேலை செய்வது, 21 வாற்ஸ் பல்ப் இரண்டும் சேர்ந்து இழுக்கும் சுமார் 3.5 அம்பியர் மின்சாரத்துக்குக் கணக்காகச் செய்தது. எர்த் கெட்டு மின்சாரம் குறைந்தால் மின்னும் வேகம் மாறும், இல்லாவிட்டால் மின்னாமலே நிற்கும்.

சோதிப்பது சுகம். இரண்டு மீற்றர் நீள வயர் ஒன்றை எடுத்து ஒரு நுனியைப் பின் லாம்பின் உலோகத்தில் அழுத்துங்கள், மற்ற நுனியை எஞ்சினிலோ பற்றரியின் எர்த் முனையிலோ பிடியுங்கள் (வயர் எட்டாவிட்டால் டிக்கிக்குள் சுரண்டிய வெறும் தகரம் போதும்). லைற் உடனே பளிச்சென்று வந்தால் முடிந்தது கதை.

மல்ரிமீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்துப் பார்க்காதீர்கள், ஏனென்றால் மீற்றர் அனுப்பும் சின்ன மின்சாரத்துக்கு ஒற்றை இழையில் தொங்கும் வயரைக்கூட நல்லது என்றுதான் காட்டும், நான் ஆரம்பத்தில் இதில் பல நாள் ஏமாந்திருக்கிறேன். 20 வோல்ற் டிசியில் வையுங்கள். பிரேக்கையும் சிக்னலையும் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு முனையைப் பற்றரியின் எர்த் போஸ்ட்டிலும் மற்றதை லாம்ப் உடம்பிலும் வைத்தால் கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். 0.3க்கு மேல் போனால் அங்கே துரு குடியிருக்கிறது. ஒரே ஒரு ஓம் துரு ஏறினாலே ஒரு 21 வாற்ஸ் பல்புக்குப் போக வேண்டியதில் சுமார் 1.5 வோல்ற் போய்விடும்.

பெற்றோல் மீற்றர் முள் ஆடுவது வேறு நோய். இந்தக் காரில் பியூஸ் இரண்டுதான். ஏ3, ஏ4 என்று எழுதியிருக்கும் பியூஸில் இருந்துதான் பச்சை வயர்கள் புறப்பட்டு சிக்னல், பிரேக் லைற், வைப்பர், பெற்றோல் மீற்றர் நாலுக்கும் போகின்றன. அந்தப் பியூஸின் பிடி கறுத்திருந்தால் ஒன்று இழுக்கும்போது மற்றது வாடும். கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மாங்குளம் ஒஸ்ரின் எழுதியது:

வயர்காரன் அண்ணை சொன்னது சரி. எல்இடி பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என்னுடைய ஒஸ்ரின் கேம்பிரிஜ் காரில் அந்தப் பிழையை நானே செய்தேன்.

இந்தக் கார்கள் வரும்போதே பொசிற்றிவ் எர்த். அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும். இப்போது கடையில் வரும் எல்இடி பல்பும் எலெக்ற்ரோனிக் பிளாஷரும் பெரும்பாலும் நெகற்றிவ் எர்த்துக்குச் செய்தவை. உங்கள் மோட்டார் சைக்கிள் பிளாஷர் செத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம், அதோடு அது 10 வாற்ஸ் பல்புகளுக்குச் செய்த சாமான், 21 வாற்ஸைத் தாங்காது. எல்இடி போட்டாலும் அது இழுக்கும் மின்சாரம் போதாமல் பழைய பிளாஷர் மின்னாது. பழைய பல்பிலேயே இருங்கள்.

இன்னொன்று. புதுப் பற்றரி பூட்டியவர்கள் வழக்கம்போல நெகற்றிவை உடம்புக்குக் கொடுத்திருக்கலாம், அதைப் பார்த்துவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும். என்னைக் கேட்டால் நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றிவிடுவதே நல்லது, பிறகு ரேடியோ, போன் சார்ஜர் எல்லாம் பயமில்லாமல் பூட்டலாம்.

வவுனியா வயர்காரன் எழுதியது:

மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றினால் டைனமோவை மாறின பொசிற்றிவ்-நெகற்றிவுக்குத் திரும்பப் பழக்க வேண்டும், இக்னிஷன் கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும், பிறகு இந்தக் காரைத் தொடும் அடுத்த ஆளுக்கு அது தெரியாமல் போனால் அவன் வேறு எதையாவது எரிப்பான். அறுபது வருடம் ஓடியது அப்படியே ஓடட்டும். ரேடியோவுக்காகக் காரை மாற்ற வேண்டாம்.

பரந்தன் சந்தி எழுதியது:

அண்ணைமாருக்கு நன்றி. நேற்றுப் பின்னேரம் முழுக்க இதில்தான் நின்றேன்.

பற்றரி பொசிற்றிவ் எர்த்தாகத்தான் பூட்டியிருக்கிறது. வலது பின் லாம்ப் உடம்பில் 0.1 வோல்ற். இடதில் பிரேக்கும் சிக்னலும் போட 3.8! பியூஸைக் கழற்றப் போனால் அங்கே பியூஸே இல்லை, செம்புக் கம்பி ஒன்றைச் சுற்றி வைத்திருக்கிறது. அப்பாவைக் கேட்டேன். பியூஸ் கிடைக்காத காலத்தில் தானே சுற்றியது என்று சொன்னார். அந்தக் கம்பி பூட்டிய பியூஸ் பிடியின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் 1.2 வோல்ற் இழப்பு.

முள்ளியவளை - லண்டன் எழுதியது:

தம்பி அந்தக் கம்பியை இன்றைக்கே கழற்றுங்கள், அதன் பிறகுதான் மற்றது. அந்த வயர்களுக்கு மேலே பருத்தி நூல் பின்னல். எங்கேயாவது பச்சை வயர் தகரத்தில் தேய்ந்து பட்டால் பியூஸ் போக வேண்டிய இடத்தில் முழு வயர்க் கட்டும் எரியும், உள்ளே இருப்பவர்கள் இறங்க நேரம் இருக்காது. கலியாணப் பொம்பிளையை ஏற்றப் போகும் கார். அந்த நாளில் அப்பா செய்தது வேறு வழியில்லாமல், அதைப் பிழை சொல்ல ஆளில்லை, இப்போது வழி இருக்கிறது.

கண்ணாடிப் பியூஸ் வாங்கும்போது கவனம், இந்தக் காருக்கு 35 அம்பியர் என்று எழுதியிருப்பது அது எரிந்து போகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். இப்போதைய பியூஸில் எழுதியிருப்பது பெரும்பாலும் தொடர்ந்து தாங்கும் அளவு. ஆகவே 35 என்று கேட்டு வாங்கினால் இரண்டு மடங்கு பெரியதைப் போட்டதாகிவிடும், 15 அல்லது 17 போதும். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடினால் கிடைக்கும். வயர்க் கட்டு உண்மையிலேயே உக்கியிருந்தால், அதே நிறங்களோடு பருத்திப் பின்னலில் புதிதாகச் செய்து இங்கே இங்கிலாந்தில் இன்னும் விற்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தச் செலவு தேவையில்லை. நிறம் மங்கித் தெரியாவிட்டால் கிளிப்புக்குக் கீழே பாருங்கள், வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். இடது சிக்னல் பச்சை-சிவப்பு, வலது பச்சை-வெள்ளை.

பரந்தன் சந்தி எழுதியது:

சரிவந்துவிட்டது!

இடது பின் லாம்பைக் கழற்றினால், புதுப் பெயின்ற் லாம்புக்குக் கீழேயும் தடிப்பாக அடித்திருக்கிறார்கள். உடம்போடு தொட்டுக்கொண்டிருந்தது துருப்பிடித்த ஒரு ஸ்குரு மட்டும். வலது பக்கத்தை அவர்கள் கழற்றவே இல்லை, அதுதான் அது நன்றாக இருந்திருக்கிறது. சுரண்டி, அரத்தாள் போட்டு, புது ஸ்குரு பூட்டி, அதோடு லாம்பில் இருந்து டிக்கிக்குள் இருக்கும் போல்ற் ஒன்றுக்குத் தனியாகக் கறுப்பு வயரும் இழுத்தேன். மாரி மழை தொடங்கப் போகிறது என்று இரண்டு இடத்திலும் கிறீஸ் பூசினேன். இப்போது 0.1 வோல்ற். பியூஸ் பிடியை அரத்தாளால் தேய்த்து, வவுனியாவில் வாங்கிய 15 அம்பியர் பியூஸ் போட்டேன், முள் ஆடுவதும் நின்றுவிட்டது.

பின்னேரம் அப்பா பின்னால் கதிரை போட்டு இருந்துகொண்டு, இடது, வலது, பிரேக் என்று சொல்லச் சொல்ல நான் உள்ளே இருந்து போட்டுக் காட்டினேன். இருட்டிய பிறகும் எழும்பவில்லை, இன்னொருக்கால் இடது போடு என்றார்.

ஒரு கேள்வி மிச்சம். முன் லாம்புகள் இரண்டையும் இதேபோல இப்பவே கழற்றித் துடைத்துவிடுவதா, அல்லது நன்றாக எரிவதைத் தொடாமல் விடுவதா?

வவுனியா வயர்காரன் எழுதியது:

கழற்றுங்கள். அதே ஆள்தானே பெயின்ற் அடித்தது.