புதுப்பிப்பு: 21 வாட் பல்பும் 240 வாட் கணக்கும்

12 வோல்ட், 21 வாட் இழை பல்பின் மின்தடையை மல்டிமீட்டர் 0.6 ஓம் என்கிறது. அப்படியானால் (12-ஐ 0.6-ஆல் வகுத்தால்) 20 ஆம்பியர், 240 வாட் வர வேண்டுமே என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி பல்பை எரியவிட்டே அளந்தேன். முனைகளுக்கிடையே 12 வோல்ட், தொடராக இணைத்த அம்மீட்டரில் 1.75 ஆம்பியர். வகுத்தால் 6.86 ஓம், பெருக்கினால் 21 வாட். பல்பில் அச்சிட்டது பொய்யில்லை!

மீட்டரும் பொய் சொல்லவில்லை. அது பார்த்தது குளிர்ந்த டங்ஸ்டன் இழையை. ஒளிரும் சூட்டில் அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. (0.6 ஓமில் மீட்டர் கம்பிகளின் தடையும் கொஞ்சம் கலந்திருக்கும். கழித்தால் இடைவெளி இன்னும் கூடும்.) எனவே 20 ஆம்பியர் வெறும் காகிதக் கணக்கல்ல. சுவிட்சைப் போட்ட கணத்தில் அதை நெருங்கும் மின்னோட்டம் பாய்ந்து, இழை சூடானதும் அடங்குகிறது. தேய்ந்த பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ‘பட்’டென்று உயிரைவிடுவது இதனால்தான்.