உலை வெப்பநிலை அளவீட்டில் தாவல்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் ஓர் இயற்பியல் ஆய்வகத்தில் எம்பெடட் சிஸ்டம்ஸ் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். மெல்லிய படலங்களைப் பதப்படுத்தும் குழாய் உலைக்காக நான் வடிவமைத்த கட்டுப்பாட்டுப் பலகையில், வெற்றிடப் பம்பு ஓடத் தொடங்கியதும் வெப்பநிலை அளவீடு மூன்று டிகிரி வரை தாவுகிறது. பம்பை நிறுத்தியதும் அடங்கிவிடுகிறது.

வெப்பநிலையை மின்னழுத்தமாக மாற்றித் தரும் உணரியான கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மட்டுமே தருவதால், சிறிய இரைச்சலும் இங்கே பெரிய பிழையாகிவிடுகிறது. கம்பிகளை முறுக்கி, அவற்றின் உலோக உறையை ஒரு முனையில் மட்டும் எர்த்துடன் இணைத்தேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சி 20 மில்லிவிநாடி என்பதால், அந்த இரைச்சல் சராசரியில் நீங்குமாறு, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி அளவெடுக்கும் கால அளவையும் அதற்கேற்ப அமைத்தேன். தாவல் ஓரளவே குறைந்தது.

கோடையில் எங்கள் பகுதிச் செம்மண் வறண்டு இறுகிவிடும். எர்த் குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிய அன்று மட்டும் தாவல் ஒரு டிகிரிக்குள் நின்றதால், எர்த் வழியாகச் சுற்றிவரும் மின்னோட்டமே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன்.

அளவீட்டுப் பகுதிக்குத் தனி மின்வழங்கியும், மின்தொடர்பின்றி ஒளி வழியே சமிக்ஞையைக் கடத்தும் ஆப்டோகப்ளரும் வைத்து முற்றிலும் பிரித்துவிட வேண்டுமா, அல்லது உணரும் முனை தன் உலோகக் குழாய் உறையைத் தொடாத வகைத் தெர்மோகப்பிளாக மாற்றினாலே போதுமா? ஆய்வு மாணவி ஒருவரின் பல மாத உழைப்பு இந்த உலையை நம்பிக் காத்திருப்பதால், இத்தகைய சிக்கலைத் தீர்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.