ஹட்சன் ஆற்றுப் பாதை: 1,100 அடியிலேயே எல்லை மீறல் எச்சரிக்கை, உதவுங்கள்

காசிமேட்டுக்காரன்:
வணக்கம். விடுமுறையில் காசிமேட்டு வீட்டில் இருக்கிறேன். நியூஜெர்சி திரும்பும்போது அப்பாவையும் அழைத்துப் போகிறேன். செஸ்னா 172-இல் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஹட்சன் ஆற்றின் மேல் பறந்து மன்ஹாட்டனைக் காட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. லைசென்ஸ் இருக்கிறது, அந்தப் பாதையில் மட்டும் பறந்ததில்லை. ஆகவே சிமுலேட்டரில், நிகழ்நேர வானிலையோடு, கால்டுவெல் விமான நிலையத்திலிருந்து கிளம்பிப் பழகுகிறேன். ஆல்டிமீட்டர் (உயரமானி) 1,100 அடி காட்டும்போதே கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்துவிட்டதாக எச்சரிக்கை வருகிறது. அனுமதி வாங்காமல் பறக்கக்கூடிய எல்லை 1,300 அடி அல்லவா? இன்னொன்று: அப்பாவுக்கு நகரம் நன்றாகத் தெரிய எந்தத் திசையில் போக வேண்டும்?

தண்டையார்பேட்டை தும்பி:
தம்பி, ஆல்டிமீட்டரின் வலப்பக்கச் சிறு ஜன்னலில் என்ன எண் தெரிகிறது?

காசிமேட்டுக்காரன்:
29.92, அண்ணா. வானிலை அறிக்கையில் 30.12 என்றிருக்கிறது.

தண்டையார்பேட்டை தும்பி:
சிக்கல் அதுதான். 29.92 என்பது கடல்மட்டத்துக்கான திட்ட (standard) காற்றழுத்தம், பாதரச அங்குலத்தில்; நம் ஊர்க் கணக்கில் 1013 ஹெக்டோபாஸ்கல். வெளியே அழுத்தம் அதைவிடக் கூடுதலாக இருந்தால், முள் காட்டுவதைவிட உயரத்தில் விமானம் இருக்கும். 0.10 அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 அடி. முள் 1,100-இல் நிற்கும்போது நீங்கள் 1,300-ஐத் தொட்டுவிட்டீர்கள். இடக்கீழ் மூலையிலுள்ள குமிழைத் திருகி 30.12 வையுங்கள்.

திருவொற்றியூர் வானோடி:
அந்தப் பாதையில் பறந்தவன் என்பதால் சொல்கிறேன். உங்களைப் போலக் கடந்து செல்பவர்களுக்கு 1,000 அடி முதல் 1,300-க்குக் கீழே வரைதான் இடம். சுற்றுலா ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் 1,000 அடிக்குக் கீழே சுற்றும். கரையிலிருந்து திடீரென மேலெழும். 2009 ஆகஸ்ட் 8-இல் ஒரு பைப்பர் விமானமும் ஒரு ஹெலிகாப்டரும் அங்கே மோதி 9 பேர் இறந்தார்கள். இன்றுள்ள கட்டாய விதிகள் அந்த ஆண்டு நவம்பரில் வந்தவை: வேகம் 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) அளவைத் தாண்டக் கூடாது, விளக்குகள் எரிய வேண்டும், நியூயார்க் முனையப் பகுதி வரைபடம் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறிவிப்பு இடத்திலும் 123.05 அலைவரிசையில் விமான வகை, இடம், திசை, உயரம் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து வந்தால் ஆல்பைன் கோபுரம், ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், இன்ட்ரெபிட் கப்பல், நியூஜெர்சிக் கரையிலுள்ள பெரிய கடிகாரம், சுதந்திர தேவி சிலை, வெராசானோ பாலம் என்ற வரிசை.

திசைக்கு வருகிறேன். போகும் திசையில் உங்களுக்கு வலப்பக்கமுள்ள கரையோரம் ஒதுங்கிப் பறப்பதே விதி. குறுகிய கால்வாயில் படகுக்கும் அதுதான், அப்பாவுக்குச் சொன்னால் உடனே பிடிபடும். தெற்கே போகும்போது நியூஜெர்சிக் கரையோரம் செல்வீர்கள். நகரம் உங்கள் இடப்பக்கம். வெராசானோவைத் தாண்டி விரிகுடாவில் திரும்பி வடக்கே வாருங்கள். மன்ஹாட்டன் முழுதும் வல இருக்கைக்காரர் ஜன்னலோரம் வரும். உலக வர்த்தக மையக் கட்டடத்தின் உச்சி 1,776 அடி; அவர் அதை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: வேடிக்கை பார்ப்பது அவர் வேலை, உங்கள் வேலை அல்ல. ஆனால் வேறு விமானமோ ஹெலிகாப்டரோ தெரிந்தால் கைகாட்டும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

காசிமேட்டுக்காரன்:
30.12 வைத்துப் பறந்தேன், எச்சரிக்கை வரவில்லை. அப்பா விசைப்படகு ஓட்டியவர், தூரத்தில் வருவதை என்னைவிட முன்பே கண்டுபிடிப்பார். இன்று மாலை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பழகப் போகிறேன். இருவருக்கும் நன்றி.